பில்லை ஏற்றியது எந்த லைட்?

பெங்களூரு லிங்கராஜபுரம் பக்கம் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். முதல் மாடி வீடு. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். மாதம் 155 யூனிட் போல ஓடும். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் பில் பூஜ்யம் என்றே வரும். போன டிசம்பரில் மட்டும் 214 யூனிட் ஓடி, 1,700 ரூபாய் சொச்சம் கட்ட வேண்டியதாகிவிட்டது.

அந்த மாதம் வீட்டில் கிறிஸ்துமஸ் லைட் எரிந்திருக்கிறது. பால்கனியில், மறைந்த மாமனார் வருஷா வருஷம் தொங்கவிட்ட பெரிய பேப்பர் ஸ்டார், உள்ளே 60 வாட் குண்டு பல்பு. அவர் வாங்கி வைத்திருந்த நான்கு பழைய சீரியல் செட். இவையில்லாமல், வாசகி எஸ்.பி. ரோட்டில் புதிதாக வாங்கிய ஆறு எல்.இ.டி. செட். பில் வந்த அன்று கணவர் சொன்னாராம்: "அடுத்த வருஷம் நீ வாங்கினதெல்லாம் வேண்டாம். அப்பா போட்டது மட்டும் போதும்." மாமியாருக்கோ ஸ்டார் விடியும்வரை எரிய வேண்டும், ராத்திரியில் அணைத்தால் மனசு கேட்காது. ஆபீஸ் தோழி ஒருவர் 'பவர் சேவர்' பெட்டி வாங்கச் சொல்கிறார். கீழ்வீட்டுக்காரர் மாடிப்படி லைட்டின் மீட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்துக்கொள்ளலாம் என்கிறார். மீட்டர்தான் வேகமாக ஓடுகிறதோ என்றும் வாசகிக்குச் சந்தேகம். கடைசி வரியில், "நான்தான் வீண்செலவு செய்துவிட்டேனா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை, நீங்கள் வாங்கிய லைட்டுகளால் அந்த பில் வரவில்லை. நீங்கள் அனுப்பிய விவரங்களிலேயே இதற்கான கணக்கு இருக்கிறது. தொழிற்சாலைகளில் எந்த மோட்டார் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று பார்ப்பது என் வேலை. அங்கேயும் இதேதான் நடக்கும். புதிதாக வந்த மெஷின் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம் வரும். பல வருஷமாக ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருப்பதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கூட்டிப் பார்ப்போம்

1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வேறு சூத்திரம் தேவையில்லை. உங்கள் பில் டிசம்பர் 4 முதல் ஜனவரி 4 வரை என்று எழுதியிருக்கிறீர்கள். சுலபமாக இருக்கட்டும் என்று 30 இரவு என வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஸ்டார். 60 வாட், மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை 12 மணி நேரம். ஒரு இரவுக்கு 0.72 யூனிட், 30 இரவுக்கு 21.6 யூனிட். ஒரே ஒரு பல்பு!

அடுத்து மாமனாரின் நான்கு பழைய செட். அவற்றின் பெட்டி இல்லை என்கிறீர்கள். அந்தக் காலத்து இழை பல்பு செட் ஒன்றுக்கு 20 வாட் என்று வைத்தால் நான்குக்கு 80 வாட். தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 14.4 யூனிட்.

கடைசியாக, பழி விழுந்த உங்கள் எல்.இ.டி. செட்டுகள். பெட்டியில் 5 வாட் என்று போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். ஆறுக்கும் சேர்த்து 30 வாட், தினம் ஆறு மணி நேரம். மாதம் முழுவதற்கும் 5.4 யூனிட். பால்கனியிலும் ஜன்னலிலும் குடிலைச் சுற்றியும் அத்தனை வெளிச்சம் கொடுத்துவிட்டு, அந்த ஒற்றை ஸ்டார் குடித்ததில் நான்கில் ஒரு பங்கைத்தான் அவை குடித்திருக்கின்றன.

மூன்றும் சேர்த்து 41 யூனிட். வழக்கத்தைவிட உங்களுக்குக் கூடுதலாக ஓடியது 59. மீதி 18 எங்கே போனது? அதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கவனிக்காமல். நாத்தனார் குடும்பம் மூன்று பேர், ஒன்பது நாள் வந்து தங்கியிருந்தார்கள். பெங்களூரு டிசம்பர் குளிரில் எல்லோருக்கும் வெந்நீர். ஒரு பக்கெட், அதாவது 20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடாக்க கிட்டத்தட்ட அரை யூனிட் வேண்டும். அது கீசர் பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்தது இல்லை, தண்ணீரின் இயல்பு. மூன்று பேர், ஒன்பது நாள், 27 குளியல்: 13 யூனிட். பிறகு ஓவனில் சுட்ட கேக்குகளுக்கு ஒரு ஐந்து. கணக்கு சரியாக முடிந்துவிட்டது.

ஆகையால் மீட்டர் மேல் சந்தேகம் வேண்டாம். அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் 1912க்கு அழைத்து, மீட்டரைச் சோதிக்க என்ன செய்ய வேண்டும் என்று பெங்களூருக்கு மின்சாரம் தரும் பெஸ்காம் நிறுவனத்தில் கேட்கலாம். அதற்கு முன்னால் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

உண்மையில் அடி விழுந்த இடம்

யூனிட்டுக்கு வரியெல்லாம் சேர்த்து 7 ரூபாய் என்று வைத்தாலும், 41 யூனிட் லைட்டுக்கு 290 ரூபாய்தான் ஆகிறது. பிறகு எப்படி 1,700?

இங்கேதான் கிருஹ ஜோதியின் விதியைப் புரிந்துகொள்ள வேண்டும். 200 யூனிட் வரை எல்லோருக்கும் இலவசம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. 2023 ஜூலைப் பயன்பாட்டிலிருந்து இந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ஒவ்வொரு வீட்டுக்கும் 2022-23ஆம் ஆண்டின் மாதச் சராசரியை எடுத்து, அதோடு 10 சதவீதம் கூட்டி ஒரு அளவு வைத்தார்கள். உங்கள் சராசரி 150, அதனால் உங்கள் அளவு 165. அந்த அளவுக்குள் ஓடினால் பில் பூஜ்யம். அதைத் தாண்டி 200க்குள் நின்றால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் பணம். 200ஐயும் தாண்டிவிட்டால் அந்த மாதம் சலுகையே கிடையாது. முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை, நிலைக்கட்டணம், வரி எல்லாவற்றோடும் முழு பில்லும் உங்கள் தலையில்.

நீங்கள் 214ல் நின்றீர்கள். 199ல் நின்றிருந்தால் 34 யூனிட்டுக்கு மட்டும், சுமார் 240 ரூபாய் கட்டியிருப்பீர்கள். அந்தப் பதினைந்து யூனிட்தான் ஏறக்குறைய 1,500 ரூபாயை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

இப்போது உங்கள் கணவரின் யோசனையை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். எல்.இ.டி. செட்டுகளை எடுத்துவிட்டு, ஸ்டாரும் பழைய செட்டுகளும் மட்டும் எரியட்டும் என்கிறார். 214ல் 5.4 குறையும். 208.6. இன்னும் 200க்கு மேலேதான். வீட்டில் வெளிச்சம் பாதிக்கு மேல் போய்விடும், பில் அப்படியே வரும்.

மாறாக, ஸ்டாருக்குள் இருக்கும் குண்டு பல்பை எடுத்துவிட்டு 5 வாட் எல்.இ.டி. பல்பு போடுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். 21.6 யூனிட் 1.8 ஆகிவிடும், மொத்தம் 194க்கு இறங்கிவிடும். கட்ட வேண்டியது 200 ரூபாய் சொச்சம். போன டிசம்பரிலேயே இதைச் செய்திருந்தால் அந்த பில் வந்திருக்காது.

அத்தையின் ஸ்டார்

ஸ்டாரை எத்தனை மணிக்கு அணைப்பது என்று வீட்டில் வாக்குவாதம் நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். எல்.இ.டி. பல்பு போட்டபின் அது விடிய விடிய எரிந்தாலும் மாதத்துக்கு 13 ரூபாய்க்கு மேல் ஆகாது. கணவரை இழந்த ஒரு அம்மா, அவர் தொங்கவிட்ட நட்சத்திரம் இரவு முழுக்க எரிய வேண்டும் என்கிறார். அதற்கு 13 ரூபாய் அதிகம் என்று எந்தக் கணக்கைக் காட்டியும் நான் சொல்லமாட்டேன்.

அவருக்கு இன்னொரு வருத்தம் வரக்கூடும்: எல்.இ.டி. என்றால் ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை வெளிச்சம், பழைய மஞ்சள் ஒளி வராது என்று. இது பல வீடுகளில் கேட்கிற குறைதான், அதில் நியாயமும் உண்டு, ஏனென்றால் கடைக்காரர் கேட்காமலே வெள்ளையை எடுத்துக் கொடுத்துவிடுவார். 'வார்ம் ஒயிட்' என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியில் 2,700 அல்லது 3,000 கெல்வின் என்று போட்டிருக்க வேண்டும். பழைய பல்பு போலவே கண்ணாடிக்குள் இழை தெரிகிற 4 வாட் ஃபிலமென்ட் எல்.இ.டி.யும் கிடைக்கிறது. பேப்பர் ஸ்டாருக்குள் போட்டால் வித்தியாசம் தெரியாது. வாங்கி வந்து, அத்தை கையாலேயே மாட்டச் சொல்லுங்கள்.

செலவைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாவதில்லை, மீதியெல்லாம் சூடுதான். அந்தச் சூட்டைக் காகிதக் கூட்டுக்குள் 12 மணி நேரம் வைத்துவிட்டு எல்லோரும் தூங்கப் போகிறீர்கள். பில் பூஜ்யமாக வந்திருந்தாலும் அந்தப் பல்பை மாற்றச் சொல்லித்தான் எழுதியிருப்பேன்.

பழைய நான்கு செட்டையும் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 24, 25, அப்புறம் மூன்று ராஜாக்கள் திருநாள் என்று மூன்று மாலைகள் குடிலுக்குப் பக்கத்தில் எரியட்டும். அரை யூனிட்கூட ஆகாது. மற்ற மூன்றும் பல வருஷ வெயிலிலும் மழையிலும் கிடந்தவை. வயர் விறைத்து வெடித்திருந்தால் யாருக்கும் கொடுக்காமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். அந்த இடத்தில் எல்.இ.டி. கட்டினால் போதும்.

நீங்களே அளந்து பாருங்கள்

நான் மேலே போட்டது உத்தேசக் கணக்கு. பழைய செட் 20 வாட்டா, 30 வாட்டா என்று உங்கள் மீட்டரே சொல்லும். மீட்டரின் முகத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மினுக்கும் என்பதும் அங்கேயே அச்சிட்டிருக்கும்: 3200, 1600 என்பதுபோல. ஒரு பகல் வேளையில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பழைய செட் நான்கையும் மட்டும் போடுங்கள். ஒரு பிள்ளையைக் கடிகாரத்தோடு உட்காரவைத்து, பத்து நிமிஷத்தில் எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 3200 மீட்டரில் அந்த எண்ணை 1.9ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். ஸ்டார் பல்பு மட்டும் எரிந்தால் 32 முறை வரும். உங்கள் எல்.இ.டி. ஆறும் சேர்ந்து 16 முறை. 1600 மீட்டர் என்றால் இந்த எண்ணிக்கை பாதியாகும். 60 வாட் பல்புக்கு இந்தக் கணக்கு ஒத்துவந்தால் மீட்டரும் சரியாகத்தான் ஓடுகிறது.

இதை உங்கள் கணவர் முன்னால் செய்யுங்கள். வாக்குவாதத்தைவிட இது சீக்கிரம் முடியும்.

அதோடு, டிசம்பர் நடுவில் ஒருநாள் மீட்டரில் யூனிட் எவ்வளவு என்று குறித்து, முந்தைய ரீடிங்கைக் கழித்துப் பாருங்கள். 15 நாளில் 95ஐத் தாண்டியிருந்தால் மீதி நாட்களுக்குக் கொஞ்சம் கையைக் கட்டிக்கொள்ளலாம். சீரியல் செட்டுகளுக்கு ஒரு டைமர் பிளக் வாங்கிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். ஆறரைக்குப் போட்டு பதினொன்றுக்குத் தானாக அணையும். செட்டுகள் தேவைக்கு மேல் எரிவது ஆசையால் இல்லை, அணைக்க மறந்துபோவதால்தான். விருந்தாளிகள் வரும் நாட்களில் கீசரை ஒரே நேரத்தில் போட்டு, ஒருவர் பின் ஒருவராகக் குளித்து முடித்து, சுவிட்சை அணைத்துவிட்டால் அங்கேயும் மிச்சமாகும். ஆனால் நாத்தனார் வீட்டாரிடம் வெந்நீர்க் கணக்கு பேச வேண்டாம்!

பெட்டியும் மாடிப்படி மீட்டரும்

தோழி சொன்ன பவர் சேவர் பெட்டியை வாங்காதீர்கள். பெரும்பாலும் அதற்குள் இருப்பது ஒரு கெப்பாசிட்டரும் ஒரு சின்ன விளக்கும். தொழிற்சாலையில் 'பவர் ஃபேக்டர்' (வாங்கும் கரண்டில் எவ்வளவு நிஜமாக வேலை செய்கிறது என்ற விகிதம்) சரிசெய்ய கெப்பாசிட்டர் பயன்படும், அங்கே அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. வீட்டு பில் போடுவது நிஜமாகச் செலவான யூனிட்டுக்கு மட்டும். அந்தப் பெட்டியால் ஒரு யூனிட்கூடக் குறையாது. சூரிய ஒளி செட் எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். மொட்டை மாடியில் நேர் வெயில் படுகிற இடம் இருந்தால் வாங்கலாம். உங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது; டிசம்பர் வெயில் தெற்கே சாய்ந்து வரும், அங்கே பேனல் சார்ஜ் ஏறாது.

மாடிப்படி மீட்டர் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன், வேண்டாம். அந்த பில்லை வீட்டு உரிமையாளரோ எல்லாக் குடித்தனக்காரர்களும் சேர்ந்தோ கட்டுகிறார்கள். கேட்காமல் எடுத்தால் அது அவர்கள் பணம். கேட்டு, அவர் சம்மதித்தால் அது வேறு. கீழ்வீட்டுக்காரர் இன்னொன்றும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், தெருப் பையன்கள் கம்பத்திலிருந்து கொக்கி போட்டுத் தருவார்கள் என்று. அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆவது பிரிவில் அது மின்திருட்டு. மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். உயிருக்கும் ஆபத்து. தெருவுக்கு அலங்காரம் வேண்டும் என்றால் தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

எல்.இ.டி. என்றால் ஷாக் அடிக்காதா?

கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது பில் இல்லை, ஒரு வரி. "எல்.இ.டி.தானே, ஷாக் அடிக்காது என்று பால்கனி கிரில்லில் சுற்றிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடிக்கும் சகோதரி. நம் ஊர்க் கடைகளில் விற்கும் சாதாரண செட்டில், பிளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி மினுக்குவதற்கான கன்ட்ரோலர் மட்டும்தான். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதில் இருக்காது. வயரில் ஓடுவது வீட்டு மின்சாரமேதான். வாட் குறைவு என்பதால் ஆபத்து குறைவில்லை. ஒரு பல்பின் மூடி உடைந்து கம்பி வெளியே தெரிந்தால், அது இரும்பு கிரில்லில் பட்டால், கிரில் முழுக்க கரண்ட். சில வருஷம் முன்னால் எங்கள் பக்கத்து வீட்டில் ஈரத் துணியைக் கிரில்லில் போடப்போன பையனைத் தூக்கி எறிந்தது இப்படி ஒரு செட்தான். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான்.

கிரில்லில் சுற்றாமல், பிளாஸ்டிக் கொக்கி ஒட்டி அதில் தொங்கவிடுங்கள். குழந்தைகள் கை எட்டாத உயரமாக இருக்கட்டும். வெளியில் கட்டுவதற்கு அடாப்டரோடு வரும் குறைந்த வோல்ட் செட் கிடைத்தால் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். எல்.இ.டி. சீரியல் செட்டுகளுக்கு பி.ஐ.எஸ். எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம்; ஆர் என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். வயர் ஒட்டு எதுவும் மழைச் சாரல் படும் இடத்தில் வேண்டாம். மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள், பாதி செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டாவது போட்டுவிடுங்கள். மேலே சொன்ன எதற்குப் பணம் செலவழிக்காவிட்டாலும் இதற்குச் செலவழியுங்கள்.

எலக்ட்ரீஷியன் வரும்போது ஸ்டாரின் ஹோல்டரையும் கழற்றிக் காட்டுங்கள். இத்தனை வருஷம் 60 வாட் சூட்டில் இருந்தது அது. பிளாஸ்டிக் பழுப்பேறியோ, வயர் நுனி கருகியோ இருந்தால் புது பல்பைப் பழைய ஹோல்டரில் போட வேண்டாம். ஹோல்டர், வயர், பிளக் மூன்றையும் மாற்றிவிட்டு, நவம்பர் கடைசிக்குள் ஒரு மாலை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.